பின்காற்றில் போன தூரம்

அரை வருஷமாக இரண்டு சைக்கிள்களும் சமையலறைக்குப் போகிற இடைவழிச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தன. அவருடையது மேலே, அவளுடையது கீழே. அடுப்பைப் பார்த்துவிட்டுக் கூடத்துக்கு வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு பெடல் அவள் இடுப்பில் இடிக்கும். இவற்றை இறக்கி யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று அவர் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. அந்த வீட்டில் பேசாமல் விட்ட விஷயங்களுக்குப் பஞ்சமில்லை. இதுவும் அவற்றோடு சேர்ந்துகொண்டது.

அவர் லிப்ட் மெக்கானிக். ஊரிலிருக்கும் உயரமான கட்டடங்களின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஒரு லிப்ட் கூண்டின் தலைமேல் நின்று கம்பிவடத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் நெஞ்சை அடைத்தது. ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்து, கண் திறந்து பேச ஆரம்பித்த பிறகுதான் மற்றது வெளியே வந்தது. வலி பல வாரங்களாகவே இருந்திருக்கிறது. அந்த வலியோடு ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளும் ஓட்டியிருக்கிறார்.

"ஏங்க சொல்லல?" என்றாள் அவள்.

"சொல்ற அளவுக்கு இல்லம்மா."

அதுதான் அவளுக்குச் செரிக்கவில்லை. அந்த ஞாயிறுகளில் எல்லாம் அவள் அவருக்குப் பின்னால்தான் இருந்தாள். சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு இது தெரிந்த கணக்கு: முன்னால் போகிறவர் காற்றை உடைத்துக் கொடுப்பார். பின்னால் ஒரு முழம் விட்டு ஒட்டிக்கொண்டால் பாதி உழைப்பு மிச்சம். அந்த ஊரைச் சுற்றி இருப்பது சதுப்பு நிலமும் கால்வாய்களும்தான். மேடு என்று சொல்ல ஒரு பாலத்தின் முதுகுகூடக் கிடையாது. அங்கே காற்றுதான் மேடு. அவர்கள் போகிற சைக்கிள் கிளப்பில் அவருக்குப் பெயர் கொக்கு. உயரமான உடம்பை மடித்து, கழுத்தை நீட்டிக்கொண்டு ஓட்டுவார். அவளுக்குப் பெயர் வால். "கொக்கு வந்தாச்சு, வால் எங்கே? ஓ, ஒட்டிட்டுத்தான் இருக்கா" என்பார்கள். அவளும் சிரிப்பாள். பல்செட் செய்யும் கூடத்தில் வாரம் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து, முகம் தெரியாதவர்களின் கடைவாய்ப் பற்களை இழைத்துக்கொண்டிருப்பவளுக்கு ஞாயிறன்று யாருடைய பின்சக்கரத்தையாவது பார்த்துக்கொண்டு போவது ஒன்றும் கஷ்டமாக இல்லை. ஆனால் இத்தனை வருஷம் அந்த முதுகையே பார்த்துக்கொண்டு போனவளுக்கு அதற்கு அந்தப் பக்கம் ஒரு நெஞ்சு வலித்தது தெரியவில்லை.

கடைசிப் பரிசோதனையில் டாக்டரம்மா அனுமதி கொடுத்துவிட்டார். "ஓட்டுங்க. ஆனா ஓட்டும்போது பேச முடியணும். பேச்சு நின்னா சைக்கிளும் நிக்கணும். எதிர்காத்துல முன்னாடி போற வேலையெல்லாம் வேணாம்."

"அப்போ இனிமே நீதான் கொக்கு" என்றார் அவர், படியிறங்கும்போது. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் தனக்கு ஒன்றுமில்லை என்று காட்டுவதுபோல, லிப்டில் ஏறாமல் படியில் இறங்கிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் பால்கனியில் நின்று எதிர் வீட்டுக் கொடியைப் பார்த்தாள். துணிகள் எல்லாம் கிழக்கே இழுத்துக்கொண்டு நின்றன. கிளப்பில் ஒரு சட்டம் உண்டு. கிளம்பும்போது எதிர்காற்று, திரும்பும்போது பின்காற்று. உடம்பில் தெம்பு இருக்கும்போதே காற்றோடு மல்லுக்கட்டிவிட்டு, களைத்த பிறகு அது தள்ளிக்கொண்டுவந்து வீட்டில் விடும். புதிதாக வருகிறவர்கள்தான் பின்காற்றில் கிளம்புவார்கள். தங்கள் காலே தங்களைக் கொண்டுபோகிறது என்று நம்பி வெகுதூரம் போய்விட்டு, திரும்பும்போது அழாத குறையாக நிற்பார்கள்.

அதன்படி இன்று மேற்கே போக வேண்டும். அவள் சொன்னாள், "கிழக்குப் பக்கம் போலாமாங்க? முதல் மதகு வரைக்கும். தொட்டுட்டுத் திரும்பிடலாம்."

பல் தேய்த்துக்கொண்டே அவர் பால்கனிக்கு வந்தார். கொடியைப் பார்த்தார்.

"கிழக்கேயா?"

"வெயில் ஏறினா காத்து அடங்கிடும்."

"ம்" என்றார், வாயில் நுரையோடு.

வெயில் ஏற ஏற அந்த நிலத்தில் காற்றும் ஏறும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் போன வாரம் மாடிப்படியின் நடுவில் நின்று, செருப்பில் ஏதோ குத்துவதுபோலக் குனிந்து மூச்சு வாங்கிய மனிதரை எடுத்த எடுப்பில் காற்றின் முகத்தில் கொண்டுபோய் நிறுத்த அவளுக்கு மனம் வரவில்லை. ஒரு காலையாவது அவர் பழைய மாதிரி போகட்டும். திரும்பும்போது தான் முன்னால் நின்று பார்த்துக்கொள்ளலாம். அன்பிலிருந்து வருகிற கணக்கு எப்போதும் சரியாகவே தெரியும், கூட்டிப் பார்க்கும்வரை.

பின்காற்றில் போகும்போது காற்றே தெரியாது. காதில் இரைச்சல் இருக்காது. சங்கிலி ஓடுகிற சத்தமும் டயர் தாரில் உரசுகிற சத்தமும் மட்டும்தான். கால்வாயின் கரையில் நூல் பிடித்தாற்போலப் பாதை ஓடியது. இரண்டு பக்கமும் கோரையும் நாணலும் அவர்கள் போகிற திசைக்கே தலை சாய்த்திருந்தன. தேங்கிய தண்ணீரில் நீர்க்கோழிகள் தலையை ஆட்டி ஆட்டி நீந்தின. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டினார்கள். அப்படி ஓட்டியதே அவளுக்கு நினைவில்லை.

"பேசறேன் பாரு. டாக்டரம்மாவுக்கு போன் போட்டுச் சொல்லு" என்றார் அவர். பிறகு லிப்டில் ஒலிக்கும் பெண் குரலில், "கதவு மூடுகிறது. தயவுசெய்து விலகி நில்லுங்கள்" என்றார்.

"ஐயோ, இங்கயுமா?"

"எட்டாவது தளம். வலதுபுறம் நாணல். இடதுபுறமும் நாணல்."

அவள் சிரித்ததில் ஹேண்டில்பார் ஆடியது. முதல் மதகு வந்தது. பச்சைப் பெயின்ட் அடித்த இரும்புப் பலகையும் அதை ஏற்றி இறக்குகிற சக்கரமும் பின்னால் போயின. அவர் நிறுத்தவில்லை. "இன்னும் கொஞ்சம். கால் பேசுது இன்னைக்கு" என்றார். அவர் முகம் வியர்வையில் மினுங்கியது. பத்து வயது குறைந்த முகம். தடுக்க வேண்டிய இடத்தில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது மதகும் போயிற்று.

பாதை முடிகிற இடத்தில் பம்பு வீடு. சதுப்பிலிருந்து தண்ணீரை இறைத்துக் கால்வாயில் விடுகிற பெரிய மோட்டார்கள் அதற்குள் உறுமிக்கொண்டிருந்தன. வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்த பம்பு ஆபரேட்டர் இவர்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"டவுன்லேர்ந்தா வர்றீங்க?"

"ஆமாங்க."

"காத்தைப் பார்த்துட்டுத்தான் கிளம்பினீங்களா?"

"காத்துதான் எங்களைப் பார்த்துட்டுக் கிளம்பிடுச்சு" என்றார் அவர்.

ஆபரேட்டர் தொடையில் தட்டிச் சிரித்தார். "நல்லாருக்கு. திரும்பும்போது பாருங்க, நாணல் பூரா உங்களுக்குக் கும்பிடு போட்டுட்டே இருக்கும். பெரிய மனுஷங்க ஆயிடுவீங்க."

சைக்கிளைத் திருப்பினார்கள். கதவைத் திறந்ததும் உள்ளே இருந்தவன் அறைந்ததுபோல இருந்தது எதிர்காற்று.

"நான் முன்னாடி போறேன். ஒட்டிட்டே வாங்க. வேகம் அதிகமா இருந்தா கூப்பிடுங்க" என்றாள்.

"கூப்பிடறேன், போ."

முதலில் அவள் அடிக்கடி திரும்பிப் பார்த்தாள். கழுத்தைத் திருப்பினால் சைக்கிளும் கூடவே திரும்பியது. ஒரு தடவை கரையின் விளிம்புவரை போய்விட்டாள். அவர் கையை வீசி, நேரா பாரு என்று சைகை காட்டினார். சரி, அவர் கூப்பிடுவார் என்று நேரே பார்த்தாள்.

நேரே பார்த்தபோது அங்கே சக்கரம் இல்லை.

இத்தனை வருஷமாக அவள் கண் நின்ற இடம் அது. கறுப்பு டயர், அதன் மேல் அவருடைய கெண்டைக்கால், சில சமயம் கால்சட்டையின் ஓரத்தில் பிரிந்த நூல். இன்று அந்த இடத்தில் பாதை இருந்தது. அது போய் ஊசிமுனையாக முடிகிற இடம் தெரிந்தது. அதற்கு மேலே முழு வானம். நாணல்கள் உண்மையிலேயே அவளைப் பார்த்து விழுந்து விழுந்து எழுந்தன. வலைபோட்டு முடித்த படகொன்றில் ஒருத்தி கால் நீட்டிப் படுத்திருந்தாள். சைக்கிளில் இந்த வழியில் அவள் எத்தனையோ தடவை வந்திருக்கிறாள். ஆனால் கால்வாய் இங்கே இரண்டாகப் பிரிகிறது என்பதை இன்றுதான் பார்த்தாள்.

காற்று அவள் நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. அவள் தலையைத் தாழ்த்தி, ஒரு கியர் இறக்கி, அதற்குள் நுழைந்தாள். தொடை எரிந்தது. எரிச்சல் ஒரு அளவோடு நின்றது. அந்த அளவில் தன்னால் இருக்க முடிகிறது என்று தெரிந்தபோது உடம்பு முழுக்க ஒரு சந்தோஷம் பரவியது. அவளுக்கே வெட்கமாக இருந்தது. நோயாளிப் புருஷனைப் பின்னால் வைத்துக்கொண்டு என்ன சந்தோஷம்? ஆனால் அந்தக் கேள்வி காதுவரை வந்துவிட்டுக் காற்றோடு போய்விட்டது. தரையோடு தரையாகக் கிடந்த இரும்புப் பாலம் ஒன்றைக் கடந்தாள். பாலத்தில் பலகைகள் தடதடத்தன. அதன் பிறகு எவ்வளவு தூரம், என்ன நினைத்தாள், அவளுக்குத் தெரியாது. எதுவும் நினைக்கவில்லை என்பதுதான் உண்மை. கல்யாணமான நாளிலிருந்து அவரையும் நினைக்காமல், அவரைப் பற்றிக் கவலையும் படாமல், விழித்திருந்த நேரம் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

தண்ணீர் குடிக்கப் பாட்டிலை எடுத்தபோது திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாருமில்லை.

பாதை மட்டும் நீண்டு கிடந்தது. அதன் கோடியில், பாலத்துக்கும் அப்பால், ஒரு புள்ளி. தட்டையான நிலத்தில் எதுவும் மறையாது. அதனால் பயம் குறைவதும் கிடையாது. அந்தப் புள்ளி வருகிறதா, நிற்கிறதா, விழுந்து கிடக்கிறதா? கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். அசைவதுபோலவும் இருந்தது. பக்கத்திலிருந்த நாணல் அசைவதால்கூட அப்படித் தெரியலாம்.

திருப்பி மிதித்தாள். காற்று முதுகில் வந்து ஏறிக்கொண்டது. சட்டென்று எல்லாச் சத்தமும் அடங்கி, அவளுடைய மூச்சு மட்டும் அவளுக்குக் கேட்டது. அவ்வளவு வேகமாக அவள் ஓட்டியதே இல்லை. அந்த வேகமும் போதவில்லை.

அவர் கரையில் உட்கார்ந்திருந்தார். சைக்கிள் புல்லில் படுத்திருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். கை நெஞ்சில் இல்லை, முழங்காலில் இருந்தது. அவள் முதலில் பார்த்தது அந்தக் கையைத்தான். போன உயிர் பாதி திரும்பி வந்தது.

"வலிக்குதா?"

"இல்ல."

"உண்மையைச் சொல்லுங்க."

"சத்தியமா இல்லம்மா. நெஞ்சு பாட்டுக்கு இருக்கு. கால்தான். கால்ல ஒண்ணுமே இல்ல. முடியல."

அந்தக் கடைசி வார்த்தையை அவர் வாயால் அவள் கேட்டதில்லை. அது இப்போது காதில் விழுந்தும் அவளுக்குக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. "கூப்பிடறேன்னு சொன்னீங்களே! ஏன் கூப்பிடல? மறுபடியும் மறைக்கிற வேலையா? நான் என்ன முதுகுல கண்ணு வெச்சிருக்கேனா?"

"கூப்பிட்டேன்."

"எப்போ?"

"பாலத்துக்கு முன்னாடியே. நாலஞ்சு தடவை. தொண்டை கிழியக் கத்தினேன். நீ திரும்பவே இல்ல." அவர் ஹெல்மெட்டின் வாரைச் சரிசெய்தார். "கோவத்துல போறியோன்னு நினைச்சேன். ஆறு மாசமா என்னால பட்ட பாட்டுக்கு, சரி, போகட்டும்னு உட்கார்ந்துட்டேன்."

"எனக்குக் கேக்கவே இல்லங்க. காத்து இரைச்சல்ல..."

அவர் தலைநிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு பாதையைப் பார்த்தார். எதிர்காற்றில் முன்னால் போகிறவரிடமிருந்து பின்னால் வருகிறவருக்குக் காற்று எல்லாவற்றையும் கொண்டுவந்து கொடுக்கும். பின்னாலிருந்து கத்துவது எதுவும் முன்னால் போய்ச் சேராது. இது அவருக்கு இன்றுதான் தெரிந்தது. அவர் ஒருநாளும் பின்னால் வந்தவரில்லை.

"அப்போ எனக்கும் கேட்டிருக்காது இல்ல?" என்றார் மெதுவாக. "நீ கூப்பிட்டிருக்கியா?"

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கூப்பிட்டிருக்கிறாள். முதல் வருஷம் முழுக்கக் கூப்பிட்டாள். மெதுவா போங்க என்று, கொஞ்சம் நில்லுங்க என்று. ஒருநாள் முழங்கால் நடுங்கி, கண்ணில் தண்ணீர் வந்து, தனியாக விடப்பட்டு, ஒரு மணி நேரம் கழித்து வீடு சேர்ந்தபோது அவர் வாசலில் நின்று, "என்ன, வழியில கதையடிச்சுட்டு வர்றியா?" என்று கேட்டார். அன்றைக்கு அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். இவருக்குக் கேட்கிறது. கேட்டும் நிற்கமாட்டார். அந்த முடிவை அவள் சந்தேகப்பட்டதே இல்லை. ஒட்டிக்கொள்ளக் கற்றுக்கொண்டாள். சைக்கிளில் கூப்பிடுவதை விட்டவள் வீட்டிலும் மெல்ல மெல்ல விட்டுவிட்டாள். தலைவலி என்றால் மாத்திரை போட்டுக்கொள்வாள், கூடத்தில் எறும்பு புற்று வைத்தால் அவளே மருந்தடிப்பாள், அழுகை வந்தால் பல்செட் கூடத்தில் முகமூடிக்குள் அழுதுவிட்டு வருவாள். எல்லாவற்றுக்கும் காற்றின் மேல் பழி போட்டுவிட முடியாது என்று இப்போது தோன்றியது. வீட்டுக்குள் காற்று அடிக்கவில்லையே. அங்கே இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் அவள் குரல் கொடுத்துப் பார்க்கவே இல்லை.

"முதல் வருஷம் நிறையக் கூப்பிட்டேன்" என்றாள். "அப்புறம் விட்டுட்டேன்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்ற அளவுக்கு இல்லன்னு..." என்று ஆரம்பித்து, உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அவர் சிரிக்கவில்லை. நீர்க்கோழி ஒன்று முங்கியது. அது எழுந்திருக்கும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.

"இந்தப் பக்கம் உங்களைக் கூட்டிட்டு வந்தது என் தப்பு" என்றாள் அவள். "தெரிஞ்சேதான் பண்ணேன்."

"கொடியில துணி எப்படி நின்னுச்சுன்னு நானும்தானே பார்த்தேன்? எனக்கு மட்டும் கண்ணு அவிஞ்சா போச்சு?"

"அப்புறம் ஏன் வந்தீங்க?"

"ஒரு தடவை வேகமா போகணும்போல இருந்துச்சு. நீயாவே கூப்பிடறே, விடுவேனா?"

அவர் போனை எடுத்தார். யாருக்கு என்று அவள் கேட்பதற்குள், மெத்தைக் கடை வைத்திருக்கும் அவள் தம்பியின் குரல் ஸ்பீக்கரில் இரைந்தது. "சொல்லுங்க மாமா."

"மச்சான், பம்பு வீட்டுப் பாதையில இருக்கோம். வேனை எடுத்துட்டு வர்றியா? என்னால ஓட்ட முடியல."

"மாமா, நிஜமாவே நீங்கதானா? டயர் வெடிச்சப்பக்கூட சைக்கிளைத் தோள்ல தூக்கிட்டு நடந்து வந்த ஆளு! அக்கா, பக்கத்துல இருக்கியா? இது யாருன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லு."

"அவருதான்டா. சீக்கிரம் வா" என்றாள். குரல் உடைந்தது. தம்பிக்குத் தெரியாமல் இருக்கத் தொண்டையைச் செருமினாள். செருமிவிட்டு, ஏன் தெரியக் கூடாது என்று நினைத்தாள்.

வேன் வருவதற்கு நேரமாயிற்று. வெயில் சுட்டது. அவர் அவளுடைய தோளில் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டார். கனமாகத்தான் இருந்தது. "கனமா இருக்கீங்க, கொஞ்சம் நகருங்க" என்றாள். அவர் நகர்ந்து உட்கார்ந்தார். அவ்வளவுதான். அது இத்தனை சுலபமாக இருந்தது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது.

தம்பி வந்து இறங்கியதும் மாமாவின் கையைப் பிடித்து, முகத்தைப் பார்த்து, நிறம் சரியாக இருக்கிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் வாயைத் திறந்தான். "பின்னாடி டபுள் மெத்தை ஒண்ணு டெலிவரிக்கு இருக்கு. படுத்துட்டு வர்றதுன்னா படுங்க. கவரைக் கிழிச்சா காசு."

"முன் சீட்டைத் திற, போதும்."

அவருடைய சைக்கிளை உள்ளே ஏற்றினார்கள். தம்பி அவளுடையதைத் தூக்கக் கை நீட்டினான். அவள் ஹேண்டில்பாரை விடவில்லை. விடாமல் நிற்பது அவளுக்கே ஒரு நொடி கழித்துத்தான் தெரிந்தது.

"என்னக்கா?"

அவர் சீட்டில் உட்கார்ந்தபடி அவளைப் பார்த்தார். "ஓட்டிட்டு வரணும்போல இருக்கா?"

இல்லை என்று சொல்வதுதான் சுலபம். புருஷன் முடியாமல் வண்டியில் போகும்போது, பெண்டாட்டி ஆசையாகச் சைக்கிள் ஓட்டிக்கொண்டு வந்தாள் என்று கேள்விப்படுகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? தானே என்ன நினைப்பாள்?

"இருக்கு" என்றாள்.

"அப்போ ஓட்டிட்டு வா."

"இந்தக் காத்துலயா?" என்றான் தம்பி. "மாமா, அடைப்பு உங்களுக்கு நெஞ்சுல மட்டும்தான்னு நினைச்சேன். சரிக்கா, ஒண்ணு பண்ணு. நான் மெதுவா முன்னாடி ஓட்டறேன். வேனுக்குப் பின்னாடியே ஒட்டிட்டு வந்துடு, காத்தே தெரியாது."

"வேணாம்டா. நீ அவரை வீட்டுல விட்டு, சாப்பிட வெச்சு, மாத்திரை கொடு. நான் வந்துடுவேன்."

"எப்ப வருவ?"

"தெரியல."

அவர் தன்னுடைய தண்ணீர் பாட்டிலை ஜன்னல் வழியாக நீட்டினார். வாங்கிக்கொண்டாள். வேன் குலுங்கிக் கிளம்பிப் போனது. தூரத்தில் அது சிறுத்து, பாலத்தில் பலகைகள் தடதடக்கும் சத்தம் காற்றில் தெளிவாக வந்து சேர்ந்தது.

அவள் ஏறி மிதித்தாள். முதலில் வேகமாகப் போனாள். மூச்சு முட்டியது. இது அவருடைய வேகம் என்று தெரிந்தது, குறைத்தாள். ரொம்பவும் குறைத்ததில் சைக்கிள் தள்ளாடியது. யாருக்காகவும் குறைக்க வேண்டியதில்லை என்று மறுபடி கொஞ்சம் கூட்டினாள். அவள் எப்போதும் ஒரு சக்கரத்தின் வேகத்தில்தான் போயிருக்கிறாள். அது இல்லாதபோது தன் கால் எந்த வேகத்தில் போக விரும்புகிறது என்று அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. கூட்டியும் குறைத்தும் பார்த்துக்கொண்டே பாலத்தைக் கடந்தாள். இரண்டாவது மதகு வந்தது. இன்னும் பிடிபடவில்லை. பரவாயில்லை, முதல் மதகு இருக்கிறது, அதற்குப் பிறகும் பாதை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, காற்றில் தலையைக் கொடுத்து மிதித்தாள்.